மூச்சும் இசையும் – 9: துளையில் இல்லாத சுரம்

ஹார்மோனியத்தை ஆல் இந்தியா ரேடியோ 1940-இல் விலக்கி வைத்த கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். கட்டையை அழுத்தினால் வரும் சுரம் அசையாது, அதில் கமகம் பிடிக்காது என்பதுதான் குற்றச்சாட்டு. 1971-இல்தான் தடை தளர்ந்தது. மவுத் ஆர்கனிலும் அதே மாதிரி பித்தளை நாக்குகள்தான். ஆனால் நடுவில் துருத்தி இல்லை. வாசிப்பவரின் வாயே அந்த நாக்குகளை ஒட்டி இருக்கிறது. இந்த நெருக்கம் எதையெல்லாம் மாற்றிவிடுகிறது!

முதலியார்பேட்டையில், கடலூர் சாலையில் மூடிக் கிடக்கும் ஏ.எஃப்.டி. மில்லுக்குப் பக்கத்தில், ஒரு கல்லூரி மாணவர் வாசிக்கக் கேட்டேன். ஒரு கட்டை சுருதியில் பத்துத் துளைக் கருவி. நல்ல வேகம், நண்பர்கள் கைதட்டினார்கள்.

"மோகனம் வருமா தம்பி?"

நான்காம் துளையிலிருந்து ஏழாம் துளை வரை அழகாக ஏறி இறங்கினார்.

"கீழ் ஸ்தாயியில்?"

"அங்க தைவதமே இல்லையே சார்."

உண்மைதான். ஐரோப்பிய நாட்டுப்புறப் பாட்டுக்குத் துணைச் சுரங்கள் சேர்ந்து ஒலிக்க வேண்டும் என்று வகுத்த அமைப்பு அது. கீழ் ஸ்தாயியில் மத்தியமத்தையும் தைவதத்தையும் விட்டுவிட்டார்கள்.

ஆனால் அந்தத் தைவதத்தை வரவழைக்கலாம். மூன்றாம் துளையில் மூச்சை உள்ளிழுத்தால் காகலி நிஷாதம். அப்படியே நாக்கின் அடிப்பகுதியைப் பின்னுக்கு இழுத்து, வாய்க்குள் இடத்தைப் பெரிதாக்கினால் சுரம் இறங்கும். இரண்டு அரைச்சுரம் இறங்கினால் சதுச்ருதி தைவதம். மூன்றாவதும் இறங்கிவிட்டால் சுத்த தைவதம். மோகனம் போயே போய்விட்டது. எங்கே நிற்பது என்று காட்ட ஒரு குறிகூடக் கிடையாது, காதுதான் சொல்ல வேண்டும்.

மவுத் ஆர்கனில் ஒருவரை வித்வான் என்று நான் ஒப்புக்கொள்வது இந்த இடத்தில்தான். வேகம் சாதகத்தில் வந்துவிடும். 'ஷோலே' (1975) படத்தில் ஜெயா பாதுரி விளக்குகளை அணைத்துக்கொண்டு போகும்போது அமிதாப் வாசிப்பாரே, அதை உண்மையில் வாசித்தவர் பானு குப்தா. எத்தனை நிதானமான மெட்டு! ஒவ்வொரு சுரத்தையும் எப்படி முடிக்கிறார் என்று கவனித்துக் கேளுங்கள்.

கனடாவில் பிறந்த டாமி ரெய்லி, லைப்சிக்கில் வயலின் படித்துக்கொண்டிருந்தபோது இரண்டாம் உலகப் போர் மூண்டது. ஜெர்மானியர்கள் பிடித்து முகாமில் அடைத்தார்கள். அங்கேதான் மவுத் ஆர்கனில் தன் பாணியை உருவாக்கினார். அவர் முன்மாதிரியாகக் கொண்டது வயலின் மேதை ஹைஃபெட்ஸை. வில் போகும் போக்கை மூச்சில் கொண்டுவரப் பார்த்தார்.

நம் ஊரில் அதற்கு நாகஸ்வரம் இருக்கிறது. சீவாளியில் உதடும் மூச்சும் சேர்ந்து சுரத்தை எப்படி வளைக்கின்றன என்று கொஞ்ச நாள் கேட்கச் சொன்னேன் அந்தத் தம்பியிடம். கூடவே ஒரு பயிற்சி: தம்புராவை ஓடவிட்டு, மூன்றாம் துளையில் நிஷாதத்திலிருந்து தைவதத்துக்கு இறங்கி, ஒரு முழு மூச்சுக்கும் அங்கேயே நிற்க வேண்டும். அது நின்ற பிறகு கமகத்துக்குப் போகலாம்.

பக்கவாட்டுப் பட்டனை அழுத்தினால் அரைச்சுரம் ஏறும் குரோமாட்டிக் மவுத் ஆர்கனையும், அதற்காக வான் வில்லியம்ஸையே எழுதவைத்த லாரி ஆட்லரையும் அடுத்த வாரம் பார்ப்போம்.