தாய்வழியும் வரலாம்

தாய்க்கு மார்பகப் புற்றுநோய். மகனுக்குச் சிறுநீர்ப்பையின் கீழுள்ள புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய். இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று நீங்கள் கேட்கலாம். சில குடும்பங்களில் உண்டு.

புராஸ்டேட் புற்றுநோயின் ஆபத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டும் மரபு வேறுபாடுகள் நூற்றுக்கணக்கில் அறியப்பட்டுள்ளன. தனித்தே பெரிதும் கூட்டுபவை சிலவே. அவற்றுள் ஒன்று, 13ஆம் குரோமோசோமில் உள்ள பி.ஆர்.சி.ஏ.2 என்னும் ஜீனில் நேரும் பழுது. 1995இல் இனங்காணப்பட்ட இந்த ஜீன், முறிந்த டி.என்.ஏ. இழையைப் பிழையின்றி இணைக்க உதவும் புரதத்தை ஆக்குகிறது.

இந்த ஜீன் நம்மிடம் இரு படிகளாக உள்ளது: ஒன்று தாய் தந்தது, மற்றது தந்தை தந்தது. ஒரு படி பிறவியிலேயே பழுதாயிருந்து, ஒரு செல்லில் மற்றதும் பழுதானால், முறிவுகள் சரிவரச் செப்பனிடப்படுவதில்லை. பிழைகள் குவிகின்றன, செல் கட்டுமீறிப் பெருகலாம். புராஸ்டேட்டில் இவ்வாறு தோன்றும் புற்று பெரும்பாலும் விரைந்து பரவும் இயல்புடையது.

பழுதான படி மகனுக்கோ மகளுக்கோ செல்லும் வாய்ப்பு சரிபாதி. ஆயினும், அதைப் பெற்ற எல்லாருக்கும் நோய் வருவதில்லை.

எனவே, மருத்துவர் குடும்ப வரலாறு கேட்கும்போது தந்தையையும் சித்தப்பாவையும் மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். தாய்க்கும் பெரியம்மாவுக்கும் பாட்டிக்கும் வந்த நோயையும் சொல்லுங்கள்.