முடிவுத் தேதி இல்லாத அதிகாரம்

பயங்கரவாதத் தாக்குதலுக்கு ஆளான ஒரு நாடு எந்த அளவுக்கு, யார் மீது, எத்தனை காலம் திருப்பித் தாக்கலாம் என்பதை முடிவு செய்யும் உரிமை அமெரிக்காவில் ஒரே மனிதரிடம் இருக்க வேண்டியதில்லை என்றே அந்நாட்டு அரசமைப்புச் சட்டத்தை எழுதியவர்கள் கருதினார்கள். போரை அறிவிக்கும் உரிமையை, பிரதிநிதிகள் சபையும் செனட்டும் சேர்ந்த காங்கிரஸ் என்னும் நாடாளுமன்றத்துக்கும், படைகளை நடத்தும் தலைமைத் தளபதிப் பொறுப்பை அதிபருக்கும் அவர்கள் பிரித்துக் கொடுத்தார்கள். ஆயினும் காங்கிரஸ் முறைப்படி போர் அறிவித்தது 1942ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. கொரியாவிலும் வியட்நாமிலும் அத்தகைய அறிவிப்பு இல்லாமலேயே போர்கள் நடந்தன. வியட்நாமில் பட்ட காயத்துக்குப் பிறகு, 1973இல், படைகளை மோதலில் இறக்கினால் 48 மணி நேரத்துக்குள் காங்கிரசுக்குத் தெரிவிக்க வேண்டும், அதன் ஒப்புதல் இல்லையேல் 60 நாள்களில் நடவடிக்கையை நிறுத்த வேண்டும் என்று ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அதிபர்கள் அச்சட்டத்துக்கு உட்பட்டதைவிட அதைச் சுற்றிச் சென்றதே அதிகம்.

2001க்கு முந்தைய அதிபர்கள் பயங்கரவாதத்துக்குக் கொடுத்த பதிலில் ஒரே சீரான கொள்கையைக் காண இயலாது. 1983 அக்டோபரில் பெய்ரூட்டில் இருந்த படை முகாம் வெடிகுண்டு லாரியால் தகர்க்கப்பட்டு 241 அமெரிக்கப் படையினர் இறந்தபோது, ரொனால்ட் ரீகன் சில மாதங்களில் லெபனானிலிருந்து படைகளை விலக்கிக்கொண்டார்; அதே ரீகன், 1986 ஏப்ரலில் மேற்கு பெர்லினின் இரவு விடுதி ஒன்றில் குண்டு வெடித்த பத்தே நாளில் லிபியா மீது விமானத் தாக்குதல் நடத்தினார். 1998 ஆகஸ்டில் நைரோபியிலும் தார் எஸ் சலாமிலும் இருந்த அமெரிக்கத் தூதரகங்கள் தாக்கப்பட்டு 224 பேர் உயிரிழந்தபோது, பில் கிளிண்டன் ஆப்கானிஸ்தானில் இருந்த முகாம்கள் மீதும், சூடானில் ஒரு மருந்து ஆலை மீதும் ஏவுகணைகளை ஏவினார். அந்த ஆலையில் இரசாயன ஆயுதம் தயாரானது என்ற குற்றச்சாட்டு கடைசிவரை ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்படவில்லை. எனினும் இவை யாவும் தொடங்கிய வேகத்திலேயே முடிந்த நடவடிக்கைகள்.

படை சாராத வழி ஒன்றும் உண்டு. 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அயல்நாட்டுப் பயங்கரவாத அமைப்புகளின் பட்டியலை அமெரிக்க வெளியுறவுத் துறை வெளியிடுகிறது. அதில் இடம்பெறும் அமைப்பின் நிதி முடக்கப்படும், அதற்குத் தெரிந்தே உதவுவது குற்றமாகும், அதன் உறுப்பினர்களுக்கு அமெரிக்காவுக்குள் நுழைய அனுமதி கிடைக்காது. 1997 அக்டோபரில் வெளியான முதல் பட்டியலிலேயே தமிழீழ விடுதலைப் புலிகளின் பெயர் இருந்ததால், இந்த ஏற்பாடு தமிழ் வாசகர்களுக்குப் புதியதன்று. ஆனால் பட்டியலில் இடம்பெறுவது வேறு, அமெரிக்கப் படையின் இலக்காவது வேறு என்ற எல்லைக்கோடு அன்று தெளிவாக இருந்தது.

அந்தக் கோடு 2001 செப்டம்பரில் மங்கத் தொடங்கியது. கடத்தப்பட்ட நான்கு விமானங்களால் ஏறத்தாழ மூவாயிரம் பேர் கொல்லப்பட்ட மூன்றாம் நாளே, செப்டம்பர் 14 அன்று, படைபலத்தைப் பயன்படுத்த அதிபருக்கு அதிகாரம் அளிக்கும் தீர்மானத்தைக் காங்கிரஸ் நிறைவேற்றியது. அதன் உயிர்நாடி, ஆங்கிலத்தில் அறுபது சொற்கள் கொண்ட ஒரே வாக்கியம். அத்தாக்குதலைத் திட்டமிட்ட, நிகழ்த்திய, அதற்கு உதவிய, அல்லது அவ்வாறு செய்தவர்களுக்கு அடைக்கலம் தந்த நாடுகள், அமைப்புகள், தனிநபர்கள் மீது தேவையான படைபலத்தை அதிபர் பயன்படுத்தலாம் என்கிறது அவ்வாக்கியம். அவர்கள் யார் என்பதைத் தீர்மானிப்பவரும் அதிபரே. எதிரியின் பெயரோ, நாட்டின் பெயரோ, முடிவுத் தேதியோ அதில் இல்லை. வருங்காலத்தில் எந்தப் பயங்கரவாதச் செயலையும் முன்கூட்டியே தடுக்கத் தாக்கலாம் என்ற இன்னும் பரந்த அதிகாரத்தை வெள்ளை மாளிகை முதலில் கேட்டதும், காங்கிரஸ் அதை மறுத்து, செப்டம்பர் 11 தாக்குதலோடு தொடர்புடையவர்கள் என்ற வரம்பை விதித்ததும் கவனத்துக்குரியவை. செனட்டில் வாக்களித்த 98 பேரும் ஆதரித்தார்கள். பிரதிநிதிகள் சபையில் 420 பேர் ஆதரிக்க, கலிஃபோர்னியாவைச் சேர்ந்த பார்பரா லீ ஒருவர் மட்டும் எதிர்த்து வாக்களித்தார். முடிவில்லாத போருக்கு இது வழி திறந்துவிடும் என்ற அவருடைய அச்சத்துக்குப் பரிசாக அன்று கிடைத்தவை துரோகி என்ற பட்டமும் கொலை மிரட்டல்களுமே.

அக்டோபர் 7 அன்று ஆப்கானிஸ்தானில் ஜார்ஜ் புஷ் தொடங்கிய போர் அந்த வாக்கியத்தின் நேர்ப்பொருளுக்குள் அடங்கியதே; அத்தாக்குதலை நடத்திய அல் காயிதா அமைப்புக்கு இடம் கொடுத்தது, அப்போது அந்நாட்டை ஆண்ட தாலிபன்தான் என்பதில் ஐயமில்லை. 2003இல் ஈராக் மீது நடந்த படையெடுப்புக்கு 2002இலேயே தனித் தீர்மானம் பெறப்பட்டது. பேரழிவு ஆயுதங்கள் அங்கே இருப்பதாகச் சொன்ன காரணம் பொய்த்துப்போனது. இதற்கிடையில், அல் காயிதாவோடு 'இணைந்து இயங்கும் படைகள்' என்ற, சட்டத்தில் எங்கும் இல்லாத ஒரு தொடர், புஷ் காலத்தில் அரசு வழக்கறிஞர்களின் விளக்கத்தில் தோன்றி, பராக் ஒபாமா காலத்தில் வேரூன்றியது. அந்த விளக்கத்தின் வழியே யேமனும் சோமாலியாவும் போர்க்களத்துக்குள் வந்தன. 2011இல் அன்வர் அல் அவ்லாகி என்ற அமெரிக்கக் குடிமகனே விசாரணை எதுவுமின்றி யேமனில் ஆளில்லா விமானத்தால் கொல்லப்பட்டார். 2009 முதல் 2015 வரை, முழுப் போர் நடக்கும் பகுதிகளுக்கு வெளியே 473 தாக்குதல்கள் நடந்ததாகவும், போரில் ஈடுபடாதவர்கள் 64 முதல் 116 பேர் வரை அவற்றில் இறந்ததாகவும் ஒபாமா அரசே கணக்குக் காட்டியது. வெளியிலிருந்து கண்காணித்த அமைப்புகளின் கணக்கு அதைவிடப் பல மடங்கு பெரியது.

விளக்கம் எவ்வளவு தூரம் நீளும் என்பதை 2014ஆம் ஆண்டு காட்டியது. ஈராக் படையெடுப்பின் சிதைவிலிருந்து வளர்ந்த இஸ்லாமிய அரசு என்ற அமைப்பு, செப்டம்பர் 11 அன்று அந்த வடிவில் இருக்கவே இல்லை. அந்த ஆண்டு பிப்ரவரியில் அல் காயிதாவே அதைத் தன்னோடு தொடர்பில்லாதது என்று கைகழுவியிருந்தது. அப்படியிருந்தும் சில மாதங்களில் அதன் மீது தொடங்கிய போருக்கு ஒபாமா அரசு காட்டிய சட்ட ஆதாரங்களில் முதன்மையானது 2001ஆம் ஆண்டின் அதே வாக்கியம்தான். அந்த அமைப்பின் கொடுமையில் எவருக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது. ஆனால் எதிரி கொடியவன் என்பது, இல்லாத அதிகாரத்தை அதிபருக்கு வழங்கிவிடாது.

பயங்கரவாத அமைப்புகள் பெயரையும் நாட்டையும் மாற்றிக்கொண்டே இருப்பதால் சட்டம் நெகிழ்வாக இருக்க வேண்டும் என்பது எதிர்வாதம். அதில் நியாயம் இருந்தாலும், புதிய எதிரி தோன்றும்போது காங்கிரசிடம் மீண்டும் வந்து கேட்பதற்கு அது தடையாகாது. உண்மையில் 2015 பிப்ரவரியில் ஒபாமா, மூன்றாண்டு வரம்புடைய புதிய வரைவைக் காங்கிரசுக்கு அனுப்பினார். காங்கிரஸ் அதை வாக்கெடுப்புக்கே விடவில்லை. ஈராக் போரை ஆதரித்து 2002இல் அளித்த வாக்கு 2008ஆம் ஆண்டு அதிபர் வேட்பாளர் தேர்வில் ஹிலாரி கிளிண்டனைத் துரத்தியதைக் கண்டவர்கள், போர் குறித்து வாக்களிப்பதைவிட வாய்மூடி இருப்பதே பாதுகாப்பு என்று கற்றுக்கொண்டார்கள். ஆகவே அதிகாரத்தை அதிபர்கள் பறித்தார்கள் என்பதைவிட, காங்கிரஸ் அதைக் கைநழுவவிட்டது என்பதே சரி. 2017 அக்டோபரில் நைஜர் நாட்டில் நான்கு அமெரிக்க வீரர்கள் கொல்லப்பட்டபோது, அங்கே தங்கள் படை இவ்வளவு பெரிய அளவில் இருப்பதே தெரியாது என்று மூத்த செனட் உறுப்பினர்களே ஒப்புக்கொண்டார்கள்.

டொனால்ட் டிரம்ப் 2020 பிப்ரவரியில் தோஹாவில் தாலிபனோடு ஒப்பந்தம் செய்தார். ஜோ பைடன் 2021 ஆகஸ்டில் கடைசிப் படையையும் ஆப்கானிஸ்தானிலிருந்து விலக்கினார். படை வெளியேறுவதற்கு முந்தைய நாள் காபூலில் நடந்த அமெரிக்க ஆளில்லா விமானத் தாக்குதலில் ஏழு குழந்தைகள் உட்பட இறந்த பத்துப் பேரும் பயங்கரவாதத்தோடு தொடர்பில்லாதவர்கள் என்று அமெரிக்கப் பாதுகாப்புத் துறையே பின்னர் ஒப்புக்கொண்டது. போர் முடிந்ததாக அறிவிக்கப்பட்டது, ஆனால் அதற்கு அனுமதி அளித்த சட்டம் முடியவில்லை.

அச்சட்டத்தை நீக்கும் திருத்தம் ஒன்றைப் பார்பரா லீ 2017இல் கொண்டுவந்தபோது, நிதி ஒதுக்கீட்டுக் குழுவில் இரு கட்சியினரும் கைதட்டி அதை ஏற்றார்கள். முழுச் சபையின் வாக்கெடுப்புக்கு வருமுன்னே சபைத் தலைமை அதை நீக்கிவிட்டது. 2025 ஜனவரியில் அவர் பதவியை விட்டு விலகியபோதும், 2001 செப்டம்பரில் அவர் தனியாக எதிர்த்த அந்த வாக்கியம் ஒரு சொல்லும் மாறாமல் சட்டமாகவே இருந்தது.