எழுத்துப் பயிற்சியும் அறிவியற் கருத்தாக்கமும்

அறிவியல், பொறியியல் வகுப்புகளில் எழுத்து, கற்றதை அளக்கும் கருவியாகவே பெரிதும் கொள்ளப்படுகிறது. பள்ளி மாணவர் எழுதுவதிற் பெரும்பகுதி, தேர்வாளராகிய ஆசிரியரை நோக்கியதே என்று ஜேம்ஸ் பிரிட்டனும் அவர்தம் குழுவினரும் 1975-இல் இங்கிலாந்தில் காட்டினர். எழுதுதலே கற்கும் முறைகளுள் ஒன்று என்னும் கருத்தை ஜேனட் எமிக் 1977-இல் அமெரிக்காவில் முன்வைத்தார். எழுதும்போது மாணவர் மனத்தில் நிகழ்வது யாது என்பதைச் சொல்லுக்கும் கருத்துக்கும் உள்ள உறவின் வழியே ஈண்டு விளக்கலாம்.

இக்கட்டுரையாளர் வாழும் கொச்சி, சுள்ளிக்கல் பகுதியில் தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளைகள் சிலர் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ அறிவியல் கற்கின்றனர். 'சூடு' என்பது தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுச்சொல். அன்றாட வழக்கில் அது வெப்பத்தையும் குறிக்கும், வெப்பநிலையையும் குறிக்கும். 0 பாகை செல்சியசில் உள்ள 1 கிராம் பனிக்கட்டி உருக ஏறத்தாழ 80 கலோரி வெப்பம் தேவை. எனினும் உருகி முடியும்வரை வெப்பநிலை உயர்வதில்லை. இதற்குரிய 'உள்ளுறை வெப்பம்' என்னும் கலைச்சொல்லை மனப்பாடம் செய்தவர் தேர்வில் தவறமாட்டார். நிகழ்ந்ததைச் சொந்த வாக்கியத்தில் எழுதச் சொன்னாலோ, 'பனிக்கட்டி சூடாகி உருகுகிறது' என்றே எழுதுவார். 'சூடாகு' என்னும் வினை வெப்பநிலை உயர்வை உட்கொண்டது. ஆகவே பிழை வினையில் உள்ளது. 'வெப்பத்தை ஏற்று உருகுகிறது' எனத் திருத்தும்போதுதான் ஏற்றலும் உயர்தலும் வேறு என்பது அவருக்குத் தெளிவாகிறது. பெயர்ச்சொல்லை மனப்பாடத்தால் நிரப்பிவிடலாம். வினையை அவ்வாறு நிரப்புதல் அரிது. செய்முறைப் பதிவேட்டைப் பார்த்தெழுதும் வழக்கம் இவ்வினைத் தேர்வையே மாணவரிடமிருந்து பறித்துவிடுகிறது.

தமிழில் இதற்குப் பழைய சான்றும் உண்டு. 1847-இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், 1864 முதல் மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். 'இரண வைத்தியம்' (1867), 'மனுஷ அங்காதிபாதம்' (1872), 'கெமிஸ்தம்' (1875) முதலிய நூல்கள் அம்முயற்சியின் விளைவுகள். அவருடைய மாணவர் சிலர் மொழிபெயர்ப்பாளராகவும் உழைத்தனர், கிறீன் திருத்தினார். இது கற்பித்தல் உத்தியாக வகுக்கப்பட்டதன்று, பாடநூல் இல்லாமையால் நேர்ந்தது. ஆயினும் ஓர் உறுப்பின் செயலைத் தமிழ் வாக்கியமாக்க முனைந்தவர், எது எதனைச் செய்கிறது என்பதை முடிவுசெய்யாமல் எழுவாயைக்கூட அமைத்திருக்க இயலாது.

மொழிபெயர்ப்பாளர் அறிந்த இடர் ஒன்றையே நல்ல பயிற்சியாக்கலாம். தமிழகப் பாடநூல்களில் 'நிறை' பொருளின் அளவையும் 'எடை' அதன்மீது செயற்படும் புவியீர்ப்பு விசையையும் குறிக்கும். இலங்கைப் பாடநூல்களில் முன்னது 'திணிவு', பின்னதே 'நிறை'. கேரளத்தில் இவை முறையே 'பிண்டம்', 'பாரம்'. ஒரே சொல் கடலுக்கு அப்பால் வேறு பொருள் தருகிறது. கலைச்சொல் அகராதியாளருக்கு இது தலைவலியே. ஆனால் இலங்கைப் பாடநூற் பத்தியொன்றைக் கொடுத்து, நிலவில் எது மாறும், எது மாறாது என்பதைத் தமிழகச் சொற்களில் பத்து வரிகளில் எழுதப் பணித்தால், சொல் உதவாதபோது மாணவர் கருத்தையே நாட வேண்டியிருக்கும். அவ்வரிகளை முதன்முறை மதிப்பெண் இடாமல், வினைகளை மட்டும் அடிக்கோடிட்டுத் திருப்பித் தருதல் நன்று.