உடைந்த மறுநாளும் வாருங்கள்

2022 ஆகஸ்ட் 7 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய முதல் எஸ்எஸ்எல்வி ராக்கெட்டில், எட்டுக் கிலோ எடையுள்ள 'ஆசாதிசாட்' செயற்கைக்கோள் இருந்தது. நாடு முழுவதும் 75 பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவிகள், சென்னைப் பொறியாளர்கள் வழிகாட்ட, அதற்கான சிறு கருவிகளை உருவாக்கியிருந்தார்கள். மதுரை மாவட்டம் திருமங்கலம் அரசுப் பள்ளி மாணவிகளும் அவர்களில் உண்டு. ராக்கெட்டின் இரண்டாம் கட்டம் பிரிந்தபோது எழுந்த அதிர்வில் முடுக்கமானிகளின் அளவு எல்லை மீறியது. உள்ளிருந்த கணினி, அந்தச் சென்சார்களே பழுது என்று முடிவு கட்டிவிட்டது. 356 கி.மீ. வட்டப் பாதையில் நிற்க வேண்டிய செயற்கைக்கோள், ஒருபுறம் 76 கி.மீ. வரை தாழும் நீள்வட்டத்தில் விடப்பட்டு வீணானது. பிறகு ராக்கெட்டைச் செய்தவர்கள், கட்டத்தைப் பிரிக்கும் அமைப்பை மாற்றினார்கள். சென்சார் பழுதைக் கண்டறியும் முறையைத் திருத்தினார்கள். 2023 பிப்ரவரி 10 அன்று அடுத்த எஸ்எஸ்எல்வி, ஆசாதிசாட்-2-ஐ 450 கி.மீ. உயரத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தது. பள்ளிப் பிள்ளைகளுக்குப் பொறியியலைக் காட்ட வரும் தொழில்துறையினர் படிக்க வேண்டியது இடைப்பட்ட அந்த ஆறு மாதத்தைத்தான் என்பது என் கட்சி. ஏன் தவறியது, எதை மாற்றுவது, மாற்றியது சரியா என்ற மூன்று கேள்விகளும் அந்த இடைவெளியில்தான் இருக்கின்றன.

தென்சென்னையின் மேடவாக்கத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பொறியியல் சொல்லிக்கொடுக்க ஆளில்லை என்ற பேச்சுக்கே இடமில்லை. கிழக்கே சோழிங்கநல்லூரில் ஐ.டி. அலுவலகங்கள். மேற்கே தாம்பரம் சானடோரியத்தில் 1984 முதல் இயங்கும் ஏற்றுமதி மண்டலம். இன்னும் தள்ளிப் போனால் ஒரகடம் கார்த் தொழிற்சாலைகள். அங்கெல்லாம் வேலைக்குப் போகும் பொறியாளர்கள் ஏராளமானோர் இந்த வட்டாரத்து அடுக்குமாடிகளில் குடியிருக்கிறார்கள். ஆனால், இப்படிப்பட்ட நிறுவனங்கள் பள்ளிகளில் நடத்தும் செய்முறைப் போட்டிகள் பெரும்பாலும் ஒரே நாளில் முடிந்துவிடுகின்றன. ஐஸ் குச்சியில் பாலம், மாடியிலிருந்து முட்டை உடையாமல் இறங்கும் பாராசூட், ரப்பர் பேண்டில் ஓடும் கார். பாலத்தின் மேல் எடைக்கற்களை வைக்கிறார்கள். முறிந்ததும் 'அடுத்த டீம்' என்கிறார்கள். மூன்று பரிசு, குரூப் போட்டோ, சான்றிதழ். முறிந்த பாலம் குப்பைக்கூடைக்குப் போகிறது. அதைச் செய்த நான்கு பிள்ளைகள் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று: நமக்கு இது வராது.

போட்டி நடத்த வந்தவர் தம் வேலையிடத்தில் இப்படி நடந்துகொள்வதே இல்லை. அங்கே முறிந்த பாகத்தை மேஜையில் வைத்து, விரிசல் எங்கே தொடங்கியது என்று லென்ஸ் பிடித்துப் பார்க்கிறார். ஒரகடத்தில் வாகனங்களை வேண்டுமென்றே மோதவிட்டுச் சோதிக்கும் மையம் இருக்கிறது. உடைவதைப் பார்ப்பதற்கென்றே கோடிகள் செலவழிக்கும் தொழில், பள்ளிக்குள் நுழைந்ததும் உடையாதவனுக்கு மட்டும் கோப்பை கொடுக்கிறது. அந்தப் பாலம் நடுவில் முறிந்ததா, ஓரத்து ஒட்டில் பிரிந்ததா? குச்சியே ஒடிந்திருந்தால் அது வடிவத்தின் குறை. பசை விட்டிருந்தால் காயவைத்த நேரத்தின் குறை. ஐந்து நிமிடத்தில் பிள்ளைகளே கண்டுபிடிக்கக்கூடிய இந்த வித்தியாசத்தை எந்தப் பாடப்புத்தகமும் இத்தனை சுலபமாகக் காட்டாது.

கருவிகளுக்குப் பஞ்சம் என்றும் இனிச் சொல்ல முடியாது. அடல் டிங்கரிங் லேப் திட்டத்தில் ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை மானியம் உண்டு. இன்னும் 50,000 அரசுப் பள்ளிகளுக்கு அதை ஐந்தாண்டில் கொண்டுபோவோம் என்று 2025 மத்திய பட்ஜெட் அறிவித்தது. தமிழக அரசின் வானவில் மன்றம் 2022 நவம்பரிலிருந்து ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை செய்முறை அறிவியலைக் கொண்டுபோகிறது. என் கவலை பீரோவின் சாவி பற்றியது. சென்சாரும் மோட்டாரும் 3டி பிரிண்டரும் இருப்புப் பதிவேட்டில் ஏறிவிடும் பொருள்கள். மோட்டார் எரிந்தால் கணக்குச் சொல்ல வேண்டியவர் ஆசிரியர். அவர் பூட்டிவைத்தால் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எரிந்துபோகும் உரிமையோடு ஒரு பெட்டிப் பொருள் பள்ளிக்கு வர வேண்டும். அதைத் தொழில்துறையால் கொடுக்க முடியும். நிறுவனச் சட்டத்தின் 135-வது பிரிவுக்குள் வரும் கம்பெனிகள், மூன்றாண்டு சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அதில் ஒரு சிறு துளியை, உடைப்பதற்கான செலவு என்றே எழுதி ஒதுக்கட்டும்.

ஒரு நாள் நிகழ்ச்சிகூட ஒரு பிள்ளைக்குப் பொறி தட்டவைக்கும் என்பார்கள், தட்டலாம். உடைந்ததைத் திருத்தி மறுபடி சோதிக்க ஆறேழு மாதத் திட்டம் வேண்டும்; பொதுத்தேர்வு நெருக்கடியில் அதற்கு நேரம் எங்கே என்ற கேள்விதான் கனமானது. அதற்குப் பதில் வகுப்பைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது. ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைத் தேர்வு அவ்வளவு நெருக்குவதில்லை. தோல்விக்கு நேரம் கொடுப்பது பாடத்தைக் கெடுக்கும் என்ற அச்சத்துக்கும் ஆதாரம் பலமாக இல்லை. சிங்கப்பூர் பள்ளிகளில் கணிதத்தை வைத்து நடந்த ஆய்வுகளில், முதலில் தாமே முட்டிமோதித் தவறவிட்டுப் பிறகு விளக்கம் கேட்ட மாணவர்கள், முதலிலேயே விளக்கம் கேட்டவர்களைவிடக் கருத்தை ஆழமாகப் புரிந்துகொண்டார்கள். ஆனால் தவறிய பிறகு விளக்க ஒருவர் வந்தார் என்பதும் அந்த முறையில் அடக்கம். முட்டிமோதவிட்டு ஊருக்குப் போய்விடுவது அதில் சேராது.

சவாலுக்கு வெளிநாட்டுக் கிட் எதற்கு? தென்சென்னையில் சுமார் 250 சதுர கி.மீ. பரப்பில் பெய்யும் மழை பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு வந்து, ஒக்கியம் மடுவு, பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகக் கோவளத்தில் கடலைச் சேர வேண்டும். 2015 டிசம்பரில் அது தாமதித்தபோது என்ன ஆனது என்று மேடவாக்கம், பெரும்பாக்கம் வீடுகளில் கேட்டால் தெரியும். நீர்மட்டம் உயர்ந்தால் ஒலி எழுப்பும் ஒரு கருவியைப் பள்ளி வளாகத்து மழைநீர் வடிகாலிலேயே பிள்ளைகள் வைக்கட்டும். ஒரு மிதவை, ஒரு சுவிட்ச், பேட்டரி, பஸ்ஸர். சில நூறு ரூபாயில் முடியும். ஜூலையில் வகுப்பறை வாளியில் அது அழகாக வேலை செய்யும். அக்டோபர் மழையில் பிளாஸ்டிக் பை மாட்டி மிதவை சிக்கும், ஈரம் இறங்கி இணைப்பு துருவேறும், நள்ளிரவில் காரணமின்றிக் கத்தும். வடகிழக்குப் பருவமழையைப்போல் கண்டிப்பான நடுவர் எந்தப் போட்டிக்கும் கிடைக்க மாட்டார். ஜூலையில் ஒரு சனிக்கிழமை, மழை தொடங்கியதும் இரண்டு, நவம்பரில் ஒன்று, பொங்கலுக்குப் பின் ஒன்று என ஐந்து நாளுக்கும் ஒரே பொறியாளர் வருவார் என்று எழுதிக் கொடுக்கும் நிறுவனத்துக்கே தலைமையாசிரியர்கள் அனுமதி தர வேண்டும். பேனரைப் பற்றி அதன் பிறகு பேசிக்கொள்ளலாம்.