முள் இறங்கினால் மகிழலாமா?

சென்ற சித்திரை மாதம் ஒரு நண்பகல். கேளம்பாக்கம் சந்திப்பில் வண்டிகள் நத்தையென ஊர்ந்துகொண்டிருந்தன. அத்தானுடைய காரில் வெப்பமானியின் முள் சிவப்புக் கோட்டைத் தொடப் போயிற்று. பிறகு சட்டென்று கீழே இறங்கிவிட்டது. "தப்பித்தோம்" என்றார் அத்தான். நானும் சிரித்தேன். படூரை எட்டுமுன் என்ஜின் நின்றுபோயிற்று!

நடந்தது யாதெனில், ரேடியேட்டர் குழாய் வெடித்து நீர் முழுவதும் ஒழுகிவிட்டது. முள்ளை இயக்கும் உணர்கருவி நீரில் மூழ்கியிருந்தால்தான் நீரின் சூட்டைக் காட்டும். நீர் அகன்றதும் அது காற்றைத்தான் அளந்தது. நாங்கள் சிரித்த அந்நேரத்தில் சிலிண்டரின் தலைப்பகுதி சூட்டில் வளைந்துகொண்டிருந்தது. செலவை மட்டும் கேட்காதீர்கள்.

என்ஜினுக்குச் சூடு பகையன்று. நீர் ஏறத்தாழ 90 டிகிரி செல்சியசில் நிற்பதே அதற்கு நலம். ரேடியேட்டர் மூடி உள்ளே அழுத்தத்தைக் காப்பதால், 100 டிகிரியைத் தாண்டியும் நீர் கொதிப்பதில்லை. சூட்டோடு மூடியைத் திறந்தால் அழுத்தம் நீங்கி நீர் சீறிப் பாய்வதும் இதனால்தான். மற்றொன்று: இன்றைய கார்கள் பலவற்றில் சூடு சற்று ஏறி இறங்கினாலும் முள் நடுவிலேயே நிற்கும்படி அமைத்துவிடுகிறார்கள். ஓட்டுநர் அஞ்சாதிருக்கச் செய்த ஏற்பாடு. எனக்கு இது உடன்பாடில்லை.

விரைவுக் கார்களில் இந்த மறைப்பு உதவாது. சோழவரம் விமானத் தளத்தில் முன்பு நடந்த பந்தயங்களாயினும், 1990-இல் திறக்கப்பட்ட இருங்காட்டுக்கோட்டைத் தளமாயினும், ஓட்டுநர் நீரோடு ஆயிலின் சூட்டையும் கவனித்தாக வேண்டும். நீர் சில நிமிடங்களில் சூடேறிவிடும். ஆயில் பின்தங்கியே வரும். நீர்முள் நடுவுக்கு வந்ததும் வேகமிதியை அழுத்துபவர், கெட்டியான ஆயிலைக்கொண்டு என்ஜினை வதைக்கிறார். கடும் ஓட்டத்தில் ஆயில் 110, 120 டிகிரி வரை செல்வது இயல்பே.

தானியங்கிக் கியர்பெட்டிக்கோ பந்தயத்தைவிடக் கேளம்பாக்கம் நெரிசலே சோதனையாகலாம். என்ஜினின் சுழற்சியை அங்கே கியருக்குக் கடத்துவது ஆயில்தான். வண்டி ஊரும்போது சுழற்சியின் ஒரு பங்கு சக்கரத்தை எட்டாமல், அந்த ஆயிலைக் கலக்கிச் சூடாக மாறுகிறது. குளிர்விக்க எதிர்க்காற்றும் இல்லை. 80, 90 டிகிரியில் நெடுநாள் உழைக்கும் ஆயில் 120-ஐத் தாண்டினால் விரைவில் கருகி நாறும்.

அத்தான் இப்போது வண்டி எடுக்குமுன் நீரைப் பார்க்கிறார். முள் திடீரென இறங்கினால் ஓரங்கட்டி என்ஜினை நிறுத்திவிடுகிறார்.