நன்றி யாருடைய சொல்?

வேடசந்தூர்ப் பக்கம் ஒரு சொந்தக்காரக் கல்யாணத்தில் மொய் எழுதிவிட்டு வந்தேன். மறுநாள் மாப்பிள்ளைப் பையனிடமிருந்து செல்போனில் ஒரு செய்தி: 'தங்கள் வருகைக்கும் அன்பளிப்புக்கும் மனமார்ந்த நன்றி.' அப்பத்தாவுக்குப் படித்துக் காட்டினேன். 'நன்றின்னுட்டானா? அப்ப நம்ம வீட்டு விசேசத்துக்கு வரமாட்டானாக்கும்' என்றது.

இதைச் சிரித்துவிட்டு நகர முடியவில்லை. அப்பத்தாவின் கேள்விக்குள் கொடுக்கல் வாங்கல் பற்றிய ஒரு முழுக் கோட்பாடு இருப்பதாகவே படுகிறது.

திண்டுக்கல் வட்டாரத்தில் மொய் என்பது பணம் மட்டுமல்ல, அது எழுத்து. 'மொய் எழுதினேன்', 'செய்முறை செஞ்சேன்' என்பதுதான் பேச்சு. ஊர், பெயர், தொகை. நூறு என்றால் நூற்றொன்று. ஐநூறு என்றால் ஐநூற்றொன்று. கணக்கு முழு எண்ணில் முடிந்துவிடக் கூடாது. அந்த நோட்டு பீரோவுக்குள் பத்திரமாக இருக்கும். அவர்கள் வீட்டு விசேஷம் வரும்போது எடுத்துப் பார்த்து, வந்ததற்கு மேல் கொஞ்சம் கூட்டிச் செய்ய வேண்டும். இப்போது சில மண்டபங்களில் வாசலிலேயே கணினி வைத்து ரசீது அடித்துத் தருகிறார்கள். தர்க்கம் மட்டும் மாறவில்லை. வாங்கியவர் சொல்வது 'சாப்பிட்டுப் போங்க'. கொடுத்தவர் சொல்வது 'போயிட்டு வர்றேன்'. நடுவில் நன்றிக்கு இடமில்லை. பதிலைச் சொல்லால் அல்ல, செயலால் தர வேண்டும் என்பதே ஏற்பாடு. சொல்லிவிட்டால் கணக்கு முடிந்துவிடுகிறது. கணக்கு முடிந்தால் உறவும் முடிந்தது. அப்பத்தாவின் பயம் அதுதான்.

பிரெஞ்சு மானுடவியலாளர் மார்செல் மோஸ் 1925இல் வெளிவந்த தன் 'கொடை' பற்றிய கட்டுரையில் மூன்று கட்டாயங்களைப் பேசுகிறார்: கொடுத்தாக வேண்டும், வாங்கியாக வேண்டும், திருப்பித் தந்தாக வேண்டும். நம் மொய் நோட்டு அந்தக் கட்டுரைக்கு எழுதிய உரைபோல இருக்கிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். குறளின் 11ஆம் அதிகாரம் செய்ந்நன்றி அறிதல். அங்கு நன்றி என்பது ஒருவர் செய்த நன்மை. அதாவது செய்தவர் பக்கத்துச் சொல். வாங்கியவர் பக்கம் இருப்பது 'அறிதல்' மட்டுமே. மேடைப் பேச்சும் அலுவலகக் கடிதமும் பரவிய காலத்தில், 'தேங்க்ஸ்' நின்ற இடத்தில் நாம் நன்றியைக் கொண்டுபோய் நிறுத்தினோம். செய்தவரிடமிருந்த சொல் வாங்கியவர் வாய்க்கு வந்து சேர்ந்தது.

இந்த இடத்தில் கட்டுரையை முடித்தால் அது வெறும் மரபுப் பெருமையாகிவிடும். ஏனென்றால் அப்பத்தாவிடம் இன்னொரு கேள்வியும் கேட்டேன்: 'நம்ம நோட்டுல துணி வெளுக்கிறவர் பேரு இருக்கா?' 'அவன் எதுக்கு மொய் எழுதுறான்? நாமதானே அவனுக்குக் குடுப்போம்.'

மொய் என்பது திருப்பித் தரும் உரிமை உள்ளவர்களுக்குள் நடக்கும் பரிமாற்றம். சலவைத் தொழிலாளிக்கும் முடிதிருத்துபவருக்கும் வயலில் உழைத்த தலித்துக்கும் தரப்பட்ட தானியம், பழைய துணி, பந்தி முடிந்த பின் கிடைத்த சோறு இவை எந்த நோட்டிலும் ஏறவில்லை. திருப்பித் தரப்படாத கொடை வாங்கியவரைத் தாழ்த்துகிறது என்பதையும் மோஸ் சொல்கிறார். இங்கு நடந்தது அதைவிட மோசம்: திருப்பித் தரவே அனுமதி இல்லை. கூலியாகச் சேர வேண்டியது கொடையாக உருமாற்றப்பட்டது. அதற்கான நன்றி உடம்பிலிருந்து வசூலிக்கப்பட்டது. தோளில் கிடந்த துண்டு இடுப்புக்கு இறங்கியது. 'கும்புடுறேன் சாமி' என்று குனிந்தார்கள். கூலியைக் கூலியாகக் கேட்டவனுக்கு 'நன்றி கெட்டவன்' என்ற பட்டம்.

கொடை கொடையாக அறியப்பட்ட கணமே பரிமாற்றச் சுழலில் சிக்கிவிடுகிறது, நன்றி சொல்வதே ஒரு திருப்பித் தருதல்தான் என்கிற வாதத்தைத் தெரிதா 1991இல் வெளியான தன் நூலில் வைக்கிறார். அப்படிப் பார்த்தால் நம் மாவட்டத்துப் பழனி மலைப் பக்கத்து வள்ளல் பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்ததுதான் சுத்தமான கொடை. மயில் போர்த்திக்கொள்ளாது, நன்றியும் சொல்லாது. ஆனால் புறநானூறு மயிலோடு நிற்கவில்லை. பேகன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்திருந்தபோது, பரணரும் அரிசில்கிழாரும் அவனிடம் போய், தாங்கள் வேண்டுவது பொருளல்ல, அவன் அவளிடம் திரும்பிப் போவதே என்கிறார்கள். வாங்க வந்தவர் கொடுப்பவரைக் கேள்வி கேட்கிறார். அந்த உரிமை புலவர்களுக்கு இருந்தது. துணி வெளுத்தவருக்கு இல்லை.

ஆகவே 'நன்றி' என்ற வறட்டுச் சொல்லை இனி நான் கேலி செய்யமாட்டேன். உறவை முடித்துவைக்கும் சொல்தான். ஆனால் தலைமுறை தலைமுறையாகக் குனிந்து நின்றவருக்கு, நிமிர்ந்து ஒரு வார்த்தை சொல்லிக் கணக்கை முடித்துவிட்டுப் போக முடிவது விடுதலை.

சொந்தக்காரப் பையனுக்கு அவன் வீட்டு அடுத்த விசேஷத்துக்குப் போய்ப் பதில் சொல்லிக்கொள்ளலாம். மற்றதற்கு மறுபடி குறள் அதிகாரத்தின் தலைப்புக்குத்தான் போக வேண்டும். நன்றி செய்தவர் பக்கத்துச் சொல் என்றால், இங்கு செய்தவர் யார்? வெளுத்தவர், சிரைத்தவர், நட்டவர், அறுத்தவர். அறிய வேண்டியது நாம். அந்தக் கணக்கில் நன்றி கெட்டவர்கள் மொய் நோட்டு வைத்திருந்த வீட்டுக்காரர்கள்தான்.