மென்பொருள் மாறினால் ஒலி மாறுமா?

ஒரே மைக், ஒரே பாடகர். ஆனாலும் கியூபேஸ் என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பதிந்தால் குரல் கனமாக இருக்கும், ரீப்பர் என்ற இன்னொன்றில் மெலிந்துவிடும் என்று சத்தியம் செய்பவர்கள் இருக்கிறார்கள். பதிவைப் பொறுத்தவரை அது பிரமைதான்.

மைக்கின் மின்னலையை எண்களாக்குவது ஆடியோ இன்டர்ஃபேஸில் உள்ள சில்லு. நொடிக்கு 44,100 அல்லது 48,000 முறை அளந்து, பெரும்பாலும் 24 பிட் எண்களாக அனுப்பும். மென்பொருள் அவற்றை வரிசை பிசகாமல் வட்டில் எழுதிவைக்கிறது, அவ்வளவுதான்.

நம்பிக்கை வரவில்லையா? ஒரே வேவ் கோப்பை இரண்டு மென்பொருளிலும் ஏற்றி, எந்த எஃபெக்டும் சேர்க்காமல், அதே வடிவத்தில் வெளியே எடுங்கள். இரண்டையும் நேர்கோட்டில் பொருத்தி, ஒன்றின் அலையைத் தலைகீழாக்கி ஒன்றாக ஒலிக்க விடுங்கள். இரண்டும் ஒன்றானால் ஒன்றையொன்று அழித்து, மீட்டர் அசையாமல் கிடக்கும்.

அசைந்தால்? முதலில் ஒலியை இடம் வலமாக நகர்த்தும் பேன் அமைப்பைப் பாருங்கள். நடுவில் வைத்த மோனோ ஒலியைச் சில மென்பொருள்கள் 3 டெசிபல் குறைக்கும், சில தொடாது. சற்று உரக்கக் கேட்பதையே காது ‘தரம்’ என்று நம்பிவிடும். பாதிச் சண்டைகள் இதில்தான் பிறக்கின்றன என்பேன்.

நிஜமான வித்தியாசமும் உண்டு. 48,000-ஐ 44,100 ஆக மாற்றும்போதும், சுருதி மாறாமல் வேகத்தைக் கூட்டும்போதும் கணக்கிடும் முறை மென்பொருளுக்கு மென்பொருள் வேறு. மட்டமான கணக்கை ஜால்ரா ஒலி உடனே காட்டிக்கொடுத்துவிடும்.